ஆவி போகும் வழி

மஞ்சள் விளக்கு எரிந்து பதினோராம் நாள்
வண்டியைக் கொண்டுவந்தாள் தேசராணி.
காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவள்.
"நல்லாத்தான் ஓடுது,
வெளக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

கருவியைச் சொருகினேன்.
பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றது.
எங்கே என்று சொல்லவில்லை.
"ஆவி போவுதும்மா" என்றேன்.
"காலங்காத்தால நல்ல வார்த்த சொல்லு."

மூடி முதலில். எப்போதும் மூடிதான் முதலில்.
ரப்பர் வளையத்தில் விரல் ஓட்டினேன், வெடிப்பில்லை.
திருகினால் மூன்று க்ளிக்.
பிறகு பர்ஜ் வால்வு. கழற்றி வாயால் ஊதினேன்,
மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மூடியே இருந்தது.
கரி டப்பா மேலும் குற்றமில்லை.
வெயிலில் டேங்க் விடும் பெருமூச்சைக்
கரியில் பிடித்துவைத்து
ஓடும்போது இன்ஜினுக்கு ஊட்டுகிற டப்பா அது.

வேறு ஊரென்றால் மூக்கே போதும்,
சக்கரத்தடியில் படுத்து மோந்தால்
இதோ என்று காட்டிவிடும்.
கொருக்குப்பேட்டையில் மூக்கு சாட்சி சொல்லாது.
வடக்கே இருந்து வீசினால் மணலி,
மேற்கே திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பை,
கேட் மூடினால் வரிசையாய் நிற்கும் லாரிகளின் டீசல்.
இத்தனைக்கு நடுவே
ஒரு காரின் மூச்சைத் தனியாக
எப்படிப் பிரித்தெடுப்பது?

அதனால் புகை.
பெயின்ட் டப்பாவுக்குள் குழந்தை எண்ணெய்,
அதைச் சுடவைக்க ஒரு பழைய க்ளோ பிளக்,
காற்றுக்குக் கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டி மோட்டார்.
இம்தியாஸ் செய்தது.
கம்ப்ரஸரை வைத்தால்
இல்லாத ஓட்டையையும் உண்டாக்கிவிடும்;
மீனுக்குப் போதுமான காற்று
இதற்கும் போதும்.

டப்பாவின் காற்றுவாயை அடைத்துவிட்டு
குழாயைச் சொருகிக் காத்திருந்தோம்.
நாலு நிமிடம். ஆறு நிமிடம்.
தேசராணி போனில் யாரையோ
சங்கரா விலைக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பின்சக்கர வளைவுக்குள்
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு நரைமுடி எழுந்தது.
நேராக, அவசரமில்லாமல்,
யாருக்கும் பயப்படாமல்.

பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய்.
பின்னால் ஏற்றும் மீன்பெட்டியின் ஐஸ் தண்ணீர்
நாலு வருடமாக ஒரே இடத்தில் சொட்டியிருக்கிறது.
ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும்
இரும்பு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.
துருவோடு ஒட்டியிருந்த ஒரு செதில்
அப்போதும் மினுங்கியது.

"எம்-சீல் வெச்சு அடச்சுடேன்."
"மாட்டேன்."
"ஏன்?"
"பெட்ரோல்மா."
அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

புதுக் குழாய் வந்து மாட்டி முடிக்க ஆறு மணி.
வளைவுக்குள் ரப்பர் ஷீட்டும் ஒன்று அடித்தேன்,
அதைக் கணக்கில் எழுதவில்லை.
மறுபடி புகை விட்டோம்.
டப்பா குமுறியது, வெளியே ஒன்றும் வரவில்லை.

பழைய குழாயைக் கையில் வாங்கி
எடை பார்த்தாள்,
துளையைக் கண்ணுக்கு வைத்துத் தெருவைப் பார்த்தாள்.
"இத்தினிக்கூண்டு ஓட்டைக்கா ரெண்டாயிரத்து எழுநூறு?"
தொண்டையைச் செருமிக்கொண்டு
ஏலத்தைத் தலைகீழாக ஆரம்பித்தாள்:
ரெண்டாயிரத்து அறுநூறு, அஞ்ஞூறு, நானூறு...
ரெண்டாயிரத்து இருநூறில் நான் விழுந்தேன்.

விளக்கு இன்னும் எரிகிறதே என்றாள்.
"நான் அழிச்சா அணையும்,
சரியாச்சுன்னு ஆவாது.
ராத்திரி நல்லா குளிரட்டும், காலையில ஓட்டு,
அதுவே தன்னைச் சோதிச்சுக்கும்."
சந்தேகமாகத்தான் போனாள்.

மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது.
இருண்ட டாஷ்போர்டு,
கண்ணாடியில் அவள் கட்டைவிரல்.
இம்தியாஸிடம் காட்டப் போனேன்.
அப்போது பார்த்து வடக்கே இருந்து
காற்று திரும்பி அடித்தது,
கண் எரிந்தது, தெருவே முகம் சுளித்தது.

அவன் புகைக் குழாயைத் தூக்கி
மணலிப் பக்கம் நீட்டினான்.
"அண்ணே,
இத்த எங்க சொருவறது?"